சுழியும் புரியும்: கோலா கங்சார் பால்மரத்தை முன்வைத்து ஒரு சொல்வரலாறு

கோலா கங்சார் நகரில், மாவட்ட அலுவலகத்தின் அருகே, முதிய ரப்பர் மரம் ஒன்று காக்கப்பட்டு வருகிறது. 1877ஆம் ஆண்டு இந்நகரில் நடப்பட்ட ஒன்பது கன்றுகளுள் எஞ்சியது அதுவே. முந்தைய ஆண்டில் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுவந்த விதைகளின் வழித்தோன்றலாக, சிங்கப்பூர் வழியே இங்கு வந்து சேர்ந்த கன்றுகள் அவை. அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. அவரது இல்லத் தோட்டத்தில்தான் இந்நாட்டு ரப்பரின் வரலாறு வேரூன்றியது.

அம்மரத்தைப் பற்றிப் பாடநூல்கள் கூறுவனவெல்லாம் தாவரவியலும் பொருளியலும் ஆகும். மொழியியல் பயின்ற நமக்கோ அதனிடம் கேட்பதற்கு வேறொரு கேள்வி உண்டு. பால்மரத்தின் பட்டையில் சாய்வாகச் சுற்றி இறங்கும் வெட்டைத் தமிழில் எவ்வாறு பெயரிடுவது? ஆங்கிலேயர் அதனை அரைச் சுருள் என்னும் பொருள்படக் குறித்தனர். ஆய்வுக் கழகங்கள் எஸ்/2 டி/2 என்று சுருக்கி எழுதின. எஸ் என்பது சுருளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. மரத்தின் பாதிச் சுற்றளவில், ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுதல் என்பது அக்குறியீட்டின் பொருள். ஆங்கிலப் பெயரை அவ்வாறே தமிழாக்கினால் போதும் என்று தோன்றலாம். சிக்கல் அங்குதான் தொடங்குகிறது.

நம் வகுப்பறைகளில் கொசுவர்த்தியும் சுருள், விண்மீன் கூட்டமும் சுருள், பேனாவுக்குள் இருக்கும் வில்லும் சுருள், மரபணுவின் ஈரிழையும் சுருள். இவற்றுள் இருவேறு உருவங்கள் கலந்துள்ளன. ஒன்று, ஒரு நடுப்புள்ளியிலிருந்து விலகி விலகிச் சுற்றும் தட்டை உருவம், கொசுவர்த்தி அத்தகையது. மற்றொன்று, நடுவிலிருந்து விலகாமல் ஓர் உருளையின்மேல் ஏறிச்செல்லும் உருவம். திருகாணியின் மரை அத்தகையது. கணிதத்தில் இவை வெவ்வேறு வளைவுகள். கலைச்சொற் குழுக்களில் பல்லாண்டுகள் அமர்ந்த நாமும் இரண்டிற்கும் ஒரே சொல்லை எழுதி ஒப்பமிட்டிருக்கிறோம். அதனைக் குறையாக உணரவே நமக்கு நெடுங்காலமாயிற்று.

ஆனால் தமிழ் இவற்றைப் பிரித்தறிந்த மொழி. தட்டையாகச் சுற்றுவது சுழி. நீர்ச்சுழி, தலைச்சுழி, மாட்டின் உடலில் பார்க்கும் சுழி, ஏட்டின் தலையில் இடும் பிள்ளையார் சுழி என்பன அவ்வகையின. மூன்று சுழி ணகரத்தையும் இரண்டு சுழி னகரத்தையும் கற்பிக்காத தமிழாசிரியர் இலர். இந்நாட்டுக் கணித வகுப்பில் பூச்சியத்திற்கு வழங்கும் சுழியம் என்பதும் இச்சொல்லின் கிளையே. முறுக்கேறி நீள்வதோ புரி. வைக்கோற்புரி, முப்புரி நூல், புரிசடை என்பவற்றை நோக்குக. கயிறு திரிப்பவன் கையில் பிறப்பது புரி. ஆற்று மடுவில் பிறப்பது சுழி.

மாணவர்க்கு இதனை விளக்கக் கைமுறுக்கைவிடச் சிறந்த கருவி இல்லை. மாவை விரல்களுக்கிடையே திருகித் திருகி இழையாக்கும்போது அதில் ஏறுவது புரி. அவ்விழையை நடுவிலிருந்து வட்டமாகச் சுற்றி அடுக்கும்போது உருவாவது சுழி. தின்பண்டம் ஒன்றிலேயே இரண்டும் உள. பெயர் மட்டும் முறுக்கினால் வந்தது.

பெயர்க்குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. பாசல் நகரக் கணித அறிஞர் யாக்கோபு பெர்னூலி, சங்கிலும் நத்தையிலும் காண்பது போன்ற, சுற்றுதோறும் ஒரே விகிதத்தில் விரியும் மடக்கைச் சுழியைப் பெரிதும் போற்றினார். தம் கல்லறையில் அதனையே பொறிக்க வேண்டினார். அவர் 1705இல் மறைந்தபின், கல்தச்சர் பொறித்தது கொசுவர்த்தியைப் போலச் சம இடைவெளியில் சுற்றும் ஆர்க்கிமிடீசின் சுழியை. அக்கல் இன்றும் பாசல் பேராலயத்தில் பிழையோடு இருக்கிறது.

இனி மரத்திற்கு வருவோம். பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பாலெடுத்தனர். மரம் புண்பட்டது, பட்டை முண்டும் முடிச்சுமாயிற்று. 1888 முதல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த ஹென்றி ரிட்லி வேறுவழி கண்டார். பட்டையில் ஒரு சாய்ந்த வெட்டை இட்டு, அடுத்த முறை அதே வெட்டின் கீழ்விளிம்பை மெல்லிய சீவலாகச் சீவினால், பால் மீண்டும் வருவதோடு முன்னினும் மிகுதியாக வருகிறது என்பதை அவர் சோதனைகளால் காட்டினார். உள்ளே மரம் வளரும் மென்படலத்தைக் கத்தி தொடாதிருந்தால் பட்டை மீண்டும் வளரும். சில ஆண்டுகளுக்குப் பின் அதே இடத்தில் மறுபடி வெட்டலாம். முதலில் மீன்முள்ளைப் போல நடுக்கால்வாயும் பக்க வெட்டுகளுமாக வழங்கிய முறை, பட்டையை மிகுதியாகச் செலவழித்தது. நாளடைவில் ஒற்றைச் சாய்வெட்டாகிய அரைச்சுற்று முறையே தோட்டங்களில் நிலைபெற்றது. ரப்பர் நடுமாறு தோட்ட உரிமையாளர்களை ஓயாது வற்புறுத்திய ரிட்லியைப் பித்தர் என்று நகைத்தவரும் உண்டு. அவர் நூறு வயது கடந்து 1956இல் மறைந்தார். நகைத்தவர் பலர் அவர் உயிரோடிருக்கும்போதே ரப்பரால் செல்வராயினர்.

இவ்வெட்டிற்கு ஒரு திசை உண்டு. மரத்தை நோக்கி நிற்பவரின் இடக்கைப் பக்கம் மேலாகவும் வலக்கைப் பக்கம் கீழாகவும் அது இறங்கும். ஒட்டுக்கட்டிய மரங்களில் சாய்வு ஏறத்தாழ 30 பாகை. எம்மரமாயினும் எத்தோட்டமாயினும் அதே திசைதான். காரணம் பட்டைக்குள் இருக்கிறது. பாலைத் தாங்கும் நுண்குழல்கள் செங்குத்தாக ஓடுவதில்லை. சராசரியாக 3 அல்லது 4 பாகை அளவில், இடக்கீழிருந்து வலமேலாகச் சாய்ந்து, மரத்தைச் சுற்றியபடியே ஏறுகின்றன. மரமே முறுக்கிய ஒரு கயிறு. அதற்கு எதிர்த்திசையில் வெட்டினால் ஒரே நீள வெட்டில் மிகுதியான குழல்கள் அறுபடும். உடன்திசையில் வெட்டினால் குறையும். மரத்தின் புரி ஒருபுறம், மனிதனின் புரி மறுபுறம்.

நாங்கள் தோட்டத்துப் பிள்ளைகள். பள்ளி விடுமுறைகளில் விடியுமுன் அன்னையுடன் நிரைக்குச் சென்று, முந்தைய வெட்டில் காய்ந்து படிந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையிலிடுவதே எங்கள் வேலை. நானூறு ஐந்நூறு மரங்களை ஒரு காலையில் ஒருவர் வெட்டி முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் மரத்தின் நீரழுத்தம் தணிந்து பால் குறையும். ஆதலின் பிரட்டுக்களத்தில் இருளிலேயே பெயர் கூப்பிடுவர். ஒட்டுப்பால் உரித்த அந்த நாடா எங்கள் விரலில் சுருண்டுகொள்ளும். அதன் சாய்வு எப்போதும் ஒரே பக்கம் இருந்ததை அன்று கவனித்தோமில்லை.

பணி ஓய்வுக்குப் பின்னரே தோட்டச் சொற்களைத் தொகுக்கத் தொடங்கினோம். காலங்கடந்த தொடக்கம் அது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போயின. வெட்டியவர்கள் நகர்ப்புற அடுக்ககங்களில் பிள்ளைகளுடன் வாழ்கின்றனர். கங்காணி, கிராணி, பிரட்டு போன்ற சொற்களை நாவல்களும் ஆய்வுகளும் காத்துள்ளன. கைவினையின் நுண்சொற்களோ, அவற்றைச் சொன்ன வாய்களோடு ஒவ்வொன்றாக அகன்றுகொண்டிருக்கின்றன. கோலா கங்சார் வட்டாரத்தில் முப்பதாண்டுகளுக்கு மேல் பால் வெட்டிய ஒரு மூதாட்டியிடம், வெட்டு ஏன் அப்பக்கமே இறங்குகிறது என்று கேட்டோம். அவர் எழுந்துசென்று வீட்டு வாசல் தூணில் விரலை வைத்து, இடமேலிருந்து வலக்கீழாக, தூணைத் தழுவியபடி இழுத்துக் காட்டினார். “கோடு இப்படித்தான் இறங்கணும் ஐயா. மாத்தி இறக்கினா பால் கொறைஞ்சிரும். அப்புறம் கங்காணிகிட்ட யாரு பேச்சு வாங்குறது?” என்றார். நுண்குழலை அவர் கண்டதில்லை. அதன் சாய்வை அறிந்திருந்தார்.

கோடு என்ற அச்சொல்லைக் குறித்துக்கொண்டு திரும்பினோம். ஆயினும் வீடு வந்து எழுதும்போது, வெட்டின் திசைக்குப் பெயரிட முற்பட்டுத் தடுமாறினோம். தமிழில் வலம்புரி, இடம்புரி என்னும் இணை இருக்கிறது. திசையையும் முறுக்கையும் ஒருங்கே சொல்லும் இத்தகைய சொல் வாய்த்தது நமக்குப் பெருமை. ஆனால் வலம் என்பது யாருக்கு வலம்?

மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் எடுக்கப்படும் சங்குகளில் வலம்புரி மிக அரிது. விலையோ மிக உயர்வு. கோயிலில் வழிபடப்படுவது அது. அதே சங்கை உயிரியலார் இடச்சுருள் உடையது என்கின்றனர். மலிவாகக் கிடைக்கும் இடம்புரியை வலச்சுருள் என்கின்றனர். இருவரும் பிழை செய்யவில்லை. உயிரியலார் சங்கின் சுருள்முனையை மேலே வைத்து, வாய் எப்பக்கம் திறக்கிறது என்று பார்க்கின்றனர். அதே சங்கைச் சுருள்முனை கீழே இருக்கும்படி பிடித்தால், இடப்பக்கம் திறந்த வாய் வலப்பக்கம் திறக்கும். சங்கு மாறவில்லை, பிடித்த முறை மாறியது. தேர்வுத் தாளில் வலம்புரிச் சங்கு வலச்சுருள் உடையது என்று எழுதிய மாணவனுக்கு மதிப்பெண் தரலாமா என்று ஓர் ஆசிரியர் நம்மிடம் கேட்டதுண்டு. தமிழ்த் தாளில் தரலாம், அறிவியல் தாளில் இயலாது என்பதே நம் விடை.

நூற்பாலையார் இத்தொல்லையிலிருந்து எளிதாகத் தப்பினர். நூலின் முறுக்கை அவர்கள் ரோமன் எழுத்துகளாகிய எஸ், இசட் ஆகியவற்றால் குறிக்கின்றனர். எழுத்தின் நடுக்கோடு சாயும் பக்கமே முறுக்கின் பக்கம். எழுத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் அது மாறாது. அக்கணக்கில் பால்வெட்டு எஸ் முறுக்கு. மரத்தின் நுண்குழல் இசட் முறுக்கு. இடம், வலம் என்று சொல்லவே நேராது. தமிழில் இதற்கு நிகராக நாம் முன்வைப்பது ‘இடமேல் புரி’, ‘வலமேல் புரி’ என்பன. மேலேறும் முனை எக்கைப் பக்கம் இருக்கிறதோ அதுவே பெயர். தூணைத் தலைகீழாக நட்டாலும் இப்பெயர்கள் பொய்க்கா. ஐயமுறுவோர் ஒரு பென்சிலில் நூலைச் சுற்றித் திருப்பிப் பார்க்கலாம்.

திசை மாறாமை பால்மரத்தின் இயல்பு. எல்லா மரங்களும் அப்படியல்ல. தென்னையில் மட்டைகள் சுற்றி ஏறும் திசை மரத்துக்கு மரம் மாறும். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய டி. ஏ. டேவிஸ் 1960களில் இதனை ஆராய்ந்து, தாய்மரத்தின் திசை கன்றுக்கு மரபுரிமையாக வருவதில்லை என்று கண்டார். பால்மரத்தை அகற்றி நட்ட செம்பனையிலும் அவ்வாறே. அதன் அடிமரத்தில் வெட்டிய மட்டைகளின் அடிகளைப் பின்தொடர்ந்தால், ஒருபுறமாக எட்டு வரிசைகளும் எதிர்ப்புறமாகப் பதின்மூன்று வரிசைகளும் ஏறுவதைக் காணலாம். அன்னாசிப் பழத்தின் கண்களிலும் இவ்வெண்கள் பெரும்பாலும் கிடைக்கும். அடுத்தடுத்துத் தோன்றும் மட்டைகள் ஏறத்தாழ 137.5 பாகை விலகி முளைப்பதால் விளையும் அமைப்பு இது. எனினும், ஒரு செம்பனையில் எட்டு வரிசை வலமேல் ஏறினால் பக்கத்துச் செம்பனையில் இடமேல் ஏறக்கூடும். பழம் அறுப்பவருக்கு அதனால் இழப்பொன்றுமில்லை. ஆதலின் அதற்கு ஒரு சொல்லும் அவருக்குத் தேவைப்படவில்லை. பால்வெட்டியவரின் கூலியோ திசையில் தொங்கிற்று.

மூதாட்டி சொன்ன கோடு என்பதை முதலில் நாம் பொதுச்சொல்லாகக் கருதி, ‘வெட்டின் அடையாளம்’ என்று பொருள் எழுதி நகர்ந்துவிட்டோம். பின்னர் ஒருநாள், மாணவர்க்குச் சுழிக்கும் புரிக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டத் தாள் ஒன்றில் சாய்வாக ஒரு நேர்கோடு வரைந்து, அத்தாளைக் குழலாக உருட்டினோம். கோடு புரியாயிற்று. விரித்தோம், மீண்டும் நேர்கோடு. கொசுவர்த்தியை எவ்வகையிலும் இவ்வாறு ஒரு தாளை விரித்து நேராக்க இயலாது. அப்போதுதான் அத்தூணும் விரலும் நினைவுக்கு வந்தன. மரத்தைச் சுற்றி வளைவது, பட்டையை உரித்து விரித்தால் நேரானது. இன்று கோடு என்றால் நேராக இழுப்பதையே நினைக்கிறோம். பழந்தமிழில் கோடுதல் என்பது வளைதல். நடுநிலை பிறழாமையைக் கோடாமை என்பது அதனால்தான். யானையின் கொம்பும் மரத்தின் கிளையும் கோடு என்னும் பெயர் பெற்றிருந்தன. மூதாட்டி இவற்றை எண்ணிச் சொன்னார் என்பதற்கில்லை. எனினும் பால்வெட்டின் வடிவிற்கு இதனினும் பொருந்திய சொல்லை எந்தக் குழுவும் ஆக்கித்தந்ததாக நாம் அறியோம்.

நம் தொகுப்பில் அப்பதிவை இப்போது திருத்தி எழுதியுள்ளோம்: கோடு (பெயர்ச்சொல், பேராக் தோட்ட வழக்கு) – பால்மரத்தின் பட்டையில், வெட்டுபவரின் இடப்பக்கம் மேலாகவும் வலப்பக்கம் கீழாகவும், மரத்தின் பாதிச் சுற்றளவைத் தழுவி இறங்கும் புரிவெட்டு, இடமேல் புரி.