தேவாலாவில் தோற்ற பாதரசம்

நீலகிரியின் மேற்கு ஓரத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் தேவாலாவும் பந்தலூரும் 1880-இல் லண்டன் பங்குச் சந்தையில் அடிபட்ட பெயர்கள். அரசின் அழைப்பின் பேரில் 1879-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராபர்ட் பிரஃப் ஸ்மித், இங்குள்ள வெண்கல் (குவார்ட்ஸ்) பாறைகளைச் சோதித்து, தங்கம் இருக்கிறது என்றார். முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. இலை நோயில் வாடிக்கொண்டிருந்த காப்பித் தோட்டங்கள் தங்க வயல்களாகக் கைமாறின. சில ஆண்டுகளிலேயே எல்லாம் அடங்கிப்போனது.

ஸ்மித் சொன்னது பொய்யில்லை. தங்கம் இருந்தது, எடுக்கும் செலவுக்குக் கட்டுபடியாகவில்லை. அளவு குறைவு என்பது முதல் காரணம். தங்கம் பாறைக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதும் சிக்கலாயிற்று.

அக்காலத்து ஆலையில் கனத்த இரும்பு உலக்கைகள் கல்லை மாவாக இடிக்கும். அந்தச் சேறு பாதரசம் பூசிய செப்புத் தகடுகள் மேல் வழிந்தோடும். தனித்துக் கிடக்கும் தங்கத் துகளைப் பாதரசம் பற்றிக்கொள்ளும். தகட்டைச் சுரண்டி, கிடைத்த கலவையைக் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகிப் போய்த் தங்கம் மிஞ்சும். ஆனால் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் கனிமத்துக்குள் நுண்துகளாகத் தங்கம் சிறைப்பட்டிருந்தால் பாதரசம் அதைத் தொடவே முடியாது. மேல்மட்டத்தில் மழையும் காற்றும் பைரைட்டைத் துருவாக்கித் தங்கத்தை விடுவித்திருக்கும். மண்ணை அலசிப் பொன் எடுத்த பழங்குடிகளுக்கு அது போதும். ஆழம் போகப் போக அந்தச் சலுகை கிடையாது.

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலின் கதை வேறு. 1880-இல் தொடங்கிய மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனியும் பணம் கரைந்து மூடும் நிலைக்கு வந்தது. மிஞ்சிய பணத்தைப் போட்டுத் தோண்டியபோது சாம்பியன் என்ற தங்கப் படிவம் அகப்பட்டது. அங்கே தங்கம் பெரும்பாலும் வெண்கல்லுக்குள் தனித்தே கிடந்தது. இடித்துப் பாதரசத்தில் ஓட்டினாலே பெரும்பங்கு கைக்கு வந்துவிடும். தப்பிய மிச்சத்துக்கும் வழி பிறந்தது. 1887-இல் கிளாஸ்கோவில் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கண்டறிந்த சயனைடு முறை கோலாருக்கும் வந்தது. நீர்த்த சயனைடு கரைசல் நுண்ணிய தங்கத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டது. ஆர்சனிக்கும் சேர்ந்த ஆர்சனோபைரைட் கனிமத்தில் ஒளிந்த தங்கமோ அதற்கும் எளிதில் மசியாது. தாதுவை வறுத்துக் கந்தகத்தையும் ஆர்சனிக்கையும் முதலில் விரட்ட வேண்டும்.

கோலாரில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுக்கப்பட்டது. அதைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள். பொன்னைச் சுலபமாக விட்டுக்கொடுத்த அதே வெண்கல், தூசியாக அவர்கள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயாக மாறியது. அந்த உயிர்களையும் கணக்கில் சேர்க்காமல் கோலாரின் வரலாற்றை எழுத முடியாது.

சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. சயனைடு மேடுகள் இன்னும் நிற்கின்றன, சுமார் 3.3 கோடி டன் கழிவு மண். ஆலைகளிடம் தப்பிய தங்கம் அதில் சிறிதளவு இருக்கிறது. அதை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-இல் இசைவு தந்தது. மேடுகளைக் கிளறுமுன், அந்தத் தூசியைச் சுவாசித்தபடி குடியிருக்கும் தொழிலாளர் குடும்பங்களுக்கு என்ன பாதுகாப்பு என்பதை அரசு சொல்லியாக வேண்டும்.