நம் வைத்தியர் எழுதிக் கொடுத்த மூலிகைப் பட்டியல்



இலங்கை முஸ்லிம்கள் என்றால் வியாபாரிகள் என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். ஆனால் நம் முன்னோரில் பேர்போன வைத்தியர்களும் இருந்தார்கள். அதற்கு எழுத்தில் சான்று இருக்கிறது.

பிரித்தானியர் காலத்தில் இங்கே பிரதம நீதியரசராக இருந்தவர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன். இலங்கை முஸ்லிம்களைப் பற்றி 1827-இல் லண்டன் ரோயல் ஆசியக் கழகத்துக்கு அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சுதேச வைத்தியத்துறையை மேற்பார்வை செய்ய 1806-இல் ஒரு முஸ்லிம் வைத்தியரை நியமித்ததாக அதில் சொல்கிறார். அந்த வைத்தியரின் குடும்பத்தில் 700, 800 வருடங்களாக ஒருவராவது இந்தத் தொழிலைச் செய்து வந்தார்களாம். நம் வைத்தியர்கள் மருந்துக்கு எடுத்த செடிகொடிகள் அத்தனையையும் அவர் விபரமாக எழுதிக் கொடுத்தார். அவற்றைப் பயிரிட்டு வளர்ப்பதும் ஒரு நோக்கமாகத்தான் இங்கே அரச தாவரவியல் பூங்கா அமைக்க ஜோன்ஸ்டன் பிரேரித்தார். பூங்கா முதலில் கொம்பனித்தெருவில் தொடங்கியது. கியூ வீதி என்ற பெயர் அதன் மிச்சம்தான். பிறகு களுத்துறைக்குப் போய், 1821-இல் பேராதனைக்கு வந்து சேர்ந்தது.

அந்த வைத்தியர்களுக்கு பக்டீரியா என்ற ஒன்று இருப்பது தெரியாது. ஆனால் சீழ் வைத்த புண்ணுக்கு எது கேட்கும் என்று தெரியும். இன்றைய ஆய்வுகூடங்கள் அதற்குக் காரணம் சொல்கின்றன.

கருஞ்சீரகத்தில் தைமோகுயினோன் என்ற பொருள் உண்டு. புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டெபைலோகொக்கஸ் கிருமியின் வளர்ச்சியை அது ஆய்வுகூடத்தில் தடுக்கிறது.

தேனின் சீனி கிருமியிலிருந்து நீரை உறிஞ்சி எடுக்கிறது. அதன் புளிப்பும் கிருமிக்கு ஒத்துவராது. தேனீ சேர்க்கும் ஒரு நொதியம் ஐதரசன் பெரொட்சைட்டையும் உண்டாக்குகிறது. அதனால்தான் கிருமி நீக்கிய தேனைப் புண்ணுக்கு இடும் வைத்தியசாலைகள் இன்றும் இருக்கின்றன.

காய்ச்சலுக்குக் கொத்தமல்லியோடு போட்டு அவிக்கும் வெனிவெல்கெட்ட, அதாவது மரமஞ்சள், பெர்பெரின் நிறைந்தது. அதன் மஞ்சள் நிறமே பெர்பெரின்தான். அதற்கும் கிருமியைத் தடுக்கும் குணம் உண்டு. அந்தக் கொடி இப்போது நம் காடுகளில் அருகி வருகிறது.

இதை வைத்து, "வீட்டு மருந்து போதும், அன்டிபயோட்டிக் வேண்டாம்" என்று யாரும் முடிவெடுத்துவிட வேண்டாம். ஆய்வுகூடக் கிண்ணத்தில் கிருமி அடங்குவது வேறு, பிள்ளையின் உடம்பில் நோய் மாறுவது வேறு. காய்ச்சல் விடாவிட்டால் வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. இப்னு ஸீனாவும் மருந்தைச் சோதித்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்று அதற்கு நிபந்தனைகள் வகுத்தவர். நம் வைத்தியத்தின் வழி அதுதான்.

1929-இல் கொழும்பில் தொடங்கிய சுதேச வைத்தியக் கல்லூரியில் ஆயுர்வேதம், சித்தத்தோடு யூனானிக்கும் இடம் கிடைத்தது. 1961-ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டமும் யூனானியை ஏற்றுக்கொண்டது. சட்டத்தில் இடம் இருக்கிறது. வீடுகளில்தான் அறிவு அழிகிறது.

ஹகீம், பரிசாரி என்று பேர் எடுத்தவர்களின் குடும்பங்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. அவர்களின் கொப்பிகள், அரபுத் தமிழ்க் கையெழுத்துகள் பரணில் செல்லரிக்கின்றன. நமக்கு வாசிக்கத் தெரியாது என்பதற்காக அவற்றை எரித்துவிட வேண்டாம். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைப்போம். மூத்தம்மாமாரிடம் எந்த இலை, எவ்வளவு, எதற்கு என்று கேட்டு எழுதுவோம். அன்று அந்த வைத்தியர் எழுதிக் கொடுத்ததால்தான் இன்று நம்மால் இதைப் பேச முடிகிறது.