பழைய காரா? ஆசைப்பட்டு உடனே அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க!

``அன்னைக்கே அந்த அம்பாசிடரை வாங்கிப் போட்டிருக்கணுங்க!'' - கோவைப் பக்கம் பழைய கார் பிரியர்கள் பலரின் புலம்பல் இது. 2014-லேயே அம்பாசிடர் தயாரிப்பு நின்றுபோனது. இனி புதுசு வராது; இருப்பதுதான் மிச்சம்.

அதுக்காக அவசரம் வேண்டாம். விலை மலிவா இருந்தா, முதல்ல ஆர்.சி புக்கைப் பாருங்க. சேஸிஸ், இன்ஜின் நம்பர்கள் பொருந்துதா? அடிப்பகுதியைத் துரு அரிச்சிருக்கா? உதிரிபாகம் கிடைக்குமா?

50 வயதைத் தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத சொந்த உபயோக கார்தான் `வின்டேஜ்'. 2021 விதிப்படி, புதிதாகப் பதிவுசெய்ய 20,000 ரூபாய். 10 வருடம் செல்லும். தினசரி ஓட்டவோ, வாடகைக்கு விடவோ கூடாது.

சான்ஸை விட்டுட்டீங்களா? அவினாசி ரோடு ஜி.டி. கார் மியூசியத்துல கண்குளிரப் பார்த்துக்கலாம். வாங்காம விட்டா ஏக்கம்தான். பேப்பர் சரியில்லாததை வாங்கினா, காசும் போச்சு, நிம்மதியும் போச்சு!