சுவர்க் கடிகாரத்தின் சிறு மோட்டர்

பனிச்சங்கேணியிலே ஒரு மாணவன் விளையாட்டுக் காரிலிருந்து கழற்றிய மோட்டரைத் தருக்கச் சில்லொன்றுடன் நேரே இணைத்தான். மோட்டர் அசையவில்லை, சில்லுதான் பழுதாயிற்று. "சில்லினால் மோட்டரைச் சுழற்றவே முடியாதா, ஐயா?" என்று மனம் சோர்ந்து கேட்டான். நான் வகுப்பறைச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன்.

அக்கடிகாரத்தின் வரலாறு சுவையானது. 1936ஆம் ஆண்டிலே மாரியூஸ் லவே என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர், சிறு காந்தமொன்றைத் துடிப்புக்குத் துடிப்பு அரைச் சுற்றுச் சுழலச் செய்யும் மோட்டரை வகுத்தார். 1963இல் அமெரிக்காவிலே பிராங்க் வான்லாஸ், எதிரெதிர் இயல்புடைய இருவகை டிரான்சிஸ்டர்களைச் சோடி சேர்த்து, மிகச் சொற்ப மின்னிலே இயங்கும் சீமாஸ் சுற்றைக் கண்டார். 1969 டிசெம்பர் 25இல் டோக்கியோவிலே சைக்கோ நிறுவனம் முதலாவது குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. அதன் விலை 4,50,000 யென். அன்று ஒரு சிறு காரின் விலை! பின்னர் சீமாஸ் சில்லும் லவேயின் மோட்டரும் இணைந்தன, விலை வீழ்ந்தது. 1984இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக நிறுவிய டைட்டன், ஓசூரிலே குவார்ட்ஸ் கடிகாரங்களைச் செய்யலாயிற்று.

மாணவனின் மோட்டர் தோற்ற இடத்தில் இது வென்றது எங்ஙனம்? சாதாரணத் தருக்கச் சில்லு சில மில்லியம்பியர் மின்னோட்டமே தரவல்லது. விளையாட்டு மோட்டரோ நூற்றுக்கணக்கில் வேண்டி நிற்கும். கடிகார மோட்டரின் சுருளோ மயிரிழை போன்ற கம்பியால் ஆயிரக்கணக்கான சுற்றுக்கள் சுற்றப்பட்டது. கைக்கடிகாரங்களில் அதன் தடை ஈராயிரம் ஓம் அளவாகலாம், ஆகவே 1.5 வோல்ட் மின்கலத்தில் ஒரு மில்லியம்பியரும் ஓடாது. அதுவும் செக்கனுக்கு ஒருமுறை, சில மில்லிசெக்கன்களே! படிகத்தின் 32,768 அதிர்வுகளைப் பதினைந்து தடவை பாதியாக்கிச் செக்கனுக்கொரு துடிப்பைச் சில்லு பெறுகிறது. சுருளின் இரு முனைகளையும் தானே பற்றி, ஒருமுறை இப்பக்கமும் மறுமுறை எதிர்ப்பக்கமுமாக மின்னைச் செலுத்துகிறது. இடைவேளையில் காந்தம் தானாகவே நிலைகொள்ளும். அதற்கு மின் வேண்டியதில்லை.

சில்லின் பலத்தைப் பெருக்காது, மோட்டரின் பசியைக் குறைத்ததே இங்கு நிகழ்ந்த வெற்றி. ஆள் அம்பு சேனை இல்லாதவனும் தன் அளவறிந்து தொழில் வகுத்தால் காரியம் கைகூடும்.

அடுத்த வாரம் அம்மாணவன் கழித்துவிட்ட கடிகாரமொன்றைத் திறந்து, அதன் சுருளை வேறொரு சில்லின் இரு வெளியீடுகளுக்கிடையே இணைத்தான். செக்கன் முள் நகர்ந்தது.