பைக் சீட்டின் வரலாறும் நம்ம முதுகெலும்பும்

பைக் வாங்கப் போறீங்களா?

மைலேஜ் கேட்டிருப்பீங்க. சிசி கேட்டிருப்பீங்க. இஎம்ஐ எவ்வளவுன்னு கேட்டிருப்பீங்க.

"இதுல தினமும் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தா என் முதுகு என்ன ஆகும்?"னு கேட்டீங்களா?

பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆறு மாதம் கழித்து அந்தக் கேள்வி எங்க ஓபி சீட்டோடு வருகிறது. சூரமங்கலத்தில் இருந்து நாமக்கல், சங்ககிரி, ஓமலூர் என்று தினமும் வேலைக்குப் போய் வரும் 25 வயசுப் பையன்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

இதைப் புரிஞ்சுக்க கொஞ்சம் வரலாறு பார்க்கலாம் வாங்க.

👉 1885, ஜெர்மனி. காட்லீப் டைம்லர் ஒரு மரச் சட்டத்தில் எஞ்சினைப் பொருத்தி ஓடவிட்டார். குதிரைச் சேணம் மாதிரி தோல் சீட். அதுக்கு நேர் கீழே எஞ்சின். அவருடைய மகன் ஓட்டிப் பார்த்தபோது சீட்டே தீப்பிடித்துக்கொண்டது என்பார்கள். மோட்டார் சைக்கிள் வரலாற்றில் சீட் பற்றிய முதல் புகார் அதுதான்!

அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல், பெரும்பாலான வண்டிகளில் பின் சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பரே கிடையாது. சக்கரம் நேரடியாகச் சட்டத்தோடு சேர்ந்திருக்கும். பழைய சைக்கிள் மாதிரி சீட்டுக்கு அடியில் ரெண்டு ஸ்பிரிங் மட்டும். பள்ளத்தில் விழுந்தால் மிச்ச அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஓட்டுகிறவரின் முதுகெலும்பு.

👉 1948, இங்கிலாந்து. ராயல் என்ஃபீல்டு கம்பெனி, பின் சக்கரம் மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்ம் வைத்த புல்லட்டை ஒரு போட்டியில் இறக்கியது. 1950-ல் நார்ட்டன் கம்பெனிக்காக பெல்ஃபாஸ்ட் ஊர் மெக்கேண்ட்லஸ் சகோதரர்கள் புது ஃபிரேம் செய்தார்கள். அதை ஓட்டிய பந்தய வீரர் ஹெரால்ட் டேனியல், இறகு மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருக்கு என்றார். அந்த ஃபிரேமுக்கு "ஃபெதர்பெட்" என்றே பெயர் நிலைத்துவிட்டது.

👉 அந்தப் புல்லட் நம்ம ஊருக்கு வந்தது ராணுவத்தால். எல்லையில் கரடுமுரடான பாதையில் ரோந்து போக ஒரு வண்டி வேண்டும். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. பிறந்த ஊரில் கம்பெனியை மூடிய பிறகும் இங்கே புல்லட் ஓடிக்கொண்டே இருந்தது. நிமிர்ந்த முதுகு, அகலமான சீட், உடம்புக்கு நேர் கீழே கால். பல மணி நேரம் மோசமான ரோட்டில் போகிறவருக்கான உட்காரும் முறை அது.

👉 1980. ஓசூரில் இருந்து டிவிஎஸ் 50 வந்தது. (1965 வரை ஓசூர் நம்ம சேலம் மாவட்டம்தான்!) ரெண்டு பேர் உட்காரும் மொபெட். பால் கேன், அரிசி மூட்டை, காய்கறி எல்லாத்தையும் ஏற்றிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து ஓட்டலாம். ஸ்டைல் இல்லை என்று சிரித்தோம். ஆனால் நம்ம உழைக்கும் மக்களின் உடம்பைப் புரிந்துகொண்ட வண்டி அது.

👉 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது. அதே நிமிர்ந்த உட்காரும் முறை, கூடவே மைலேஜ். 2008-ல் யமஹா ஆர்15 வந்தது. ஹேண்டில் கீழே, கால் பின்னால், உடம்பு டேங்க் மேலே. பசங்களுக்குப் பைக் என்றால் இதுதான் என்றானது.

இங்கேதான் விஷயம் இருக்கு.

ஒவ்வொரு உட்காரும் முறையும் ஒரு ரோட்டுக்காக, ஒரு வேகத்துக்காகப் பிறந்தது.

பந்தய முறை: 120 கி.மீ வேகத்தில் எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கும். ஐந்து ரோடு சிக்னலில் 20 கி.மீ-ல் ஊரும்போது தாங்க காற்று இல்லை. அந்த எடை முழுக்க மணிக்கட்டுக்கும் கழுத்துக்கும் போகும். விரல் மரத்துப் போவது இதனால்தான்.

குரூசர் முறை: காலை முன்னால் நீட்டி ஓட்டுவது. அமெரிக்காவின் நீண்ட நேர் ரோட்டுக்கு சுகம். நம்ம ஸ்பீட் பிரேக்கரில்? கால் முன்னால் இருப்பதால் எழுந்து எடையைக் காலுக்கு மாற்ற முடியாது. அடி நேராக வால் எலும்புக்கு.

1960-களில் ஸ்வீடன் எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன், உயிரோடு இருப்பவர்களின் இடுப்பு டிஸ்க்கிலேயே ஊசி வைத்து அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது 100 என்று வைத்தால், உட்காரும்போது 140. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் 185. கையை ஊன்றினால் கொஞ்சம் குறையும், ஆனால் அந்த எடையை மணிக்கட்டு சுமக்கும்.

அப்போ என்ன பார்த்து வாங்குவது?

ஹேண்டில், சீட், ஃபுட்ரெஸ்ட். இந்த மூன்றும் சேர்ந்த முக்கோணம்தான் எல்லாம்.

✅ முழங்கை லேசாக மடங்கி, மணிக்கட்டு நேராக இருக்கணும்
✅ ஃபுட்ரெஸ்ட் இடுப்புக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே இருக்கணும். பள்ளம் வந்தால் சற்றே எழ முடியணும்
✅ நிறுத்தும்போது கால் தரையில் நல்லா ஊன்றணும்
✅ ஷோரூம் வாசலில் ஒரு ரவுண்டு போதாது. இருபது நிமிஷம் ஓட்டிப் பாருங்க

முக்கியமா, பின்னால் உட்காரப் போகிறவரையும் கூட்டிட்டுப் போங்க. அம்மாவோ மனைவியோ சேலையில் ஒருபக்கமாக உட்காருவாங்க. கைப்பிடி, கால் வைக்கும் இடம், சக்கரத்தில் துணி சிக்காமல் தடுக்கும் சேலை கார்டு மூன்றும் இருக்கணும் என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. அழகு கெடுதுன்னு கார்டைக் கழற்றாதீங்க. சேலை சக்கரத்தில் சிக்கினால் நடப்பதை நாங்கள் கேஷுவால்ட்டியில் பார்க்கிறோம்.

ஏற்கெனவே பந்தய பைக் வாங்கிட்டீங்களா? பரவாயில்லை. ஹேண்டிலைச் சற்று உயர்த்தும் ரைசர் கிடைக்கும். மெக்கானிக்கிடம் கேட்டு முறையாகப் பொருத்துங்க. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்க, ஒரு டீ குடிங்க.

⚠️ இடுப்பு வலியோடு காலில் பலம் குறைந்தாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப் போனாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, பெல்ட் போட்டு மாத்திரை முழுங்கி நாள் கடத்தாதீங்க. அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துடுங்க. நரம்பு நசுங்கினால் மணிக்கணக்குதான். தாமதித்தால் நிரந்தர பாதிப்பு ஆகலாம்.

வண்டியை எப்போ வேணாலும் எக்ஸ்சேஞ்ச் பண்ணலாம். முதுகெலும்பை எந்த ஷோரூமிலும் எக்ஸ்சேஞ்சுக்கு எடுக்க மாட்டாங்க.

ஹெல்மெட் போட்டுட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுங்க.