கேத்தரின் டன்ஹாம்: ஆடலும் கடனும்

நவீன நடனத்தில் ஹைட்டியின் பங்கைப் பேசுவோர் 'கலவை' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அச்சொல் கடனை மறைத்துவிடுகிறது.

1935இல் ஹைட்டி அரசு வூடூ சடங்குகளைச் சட்டத்தால் தடுத்தது. அக்காலத்தில்தான் சிகாகோ பல்கலைக்கழக மானுடவியல் மாணவி கேத்தரின் டன்ஹாம் அங்கு சென்றார்; வூடூ நெறியில் தீக்கையும் பெற்றார். பாம்புத் தெய்வமான டம்பாலாவுக்குரிய யான்வலு ஆட்டத்தில் முதுகெலும்பு அலையென நெளியும். அந்நெளிவைப் பாலேயோடு இணைத்து 'டன்ஹாம் முறை'யை வகுத்தார்.

1992இல் ஹைட்டி அகதிகளை அமெரிக்கா திருப்பியனுப்பியபோது, 82 வயதில் 47 நாட்கள் உண்ணாநோன்பிருந்தார். ஆடக் கற்ற உடலையே அவர் அம்மக்களுக்காக வருத்திக்கொண்டார். கலைஞர் தாம் கற்ற மண்ணுக்கு என்ன செய்யவேண்டும் என்று நாம் விவாதிக்கையில், அந்த 47 நாட்களை மறக்கலாகாது.