குண்டாற்றுப் படுகையில் நிலமும் நீரும்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் நிலப்பயன்பாட்டு வரலாறு

முன்னுரை

அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டி கடலோர ஊர் அன்று. ஆயினும் திருச்சுழி வழியே ஓடும் குண்டாறு கமுதி வட்டாரத்தைக் கடந்து மன்னார் வளைகுடாவை நோக்கிச் செல்வதால், இவ்வறண்ட நிலத்தின் பயன்பாடு கடலோர ஊர்களின் நீரையும் தீர்மானிக்கிறது. இந்நிலத்தையும் நீரையும் ஒருசேரக் கருதும் பொறுப்பு காலப்போக்கில் எவ்வாறு சிதறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கண்மாயும் ஜமீனும்

வடகிழக்குப் பருவமழையை நம்பிய இப்பகுதியில் ஒரு கண்மாயின் மறுகால் நீரே அடுத்த கண்மாய்க்கு வரத்தாகும். மேட்டூரார் கரையைக் கவனியாது விட்டால் கீழூரின் நஞ்சை தரிசாகும். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1803இல் நிலையான தீர்வைக்கு உட்பட்ட இராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்தவை. நஞ்சையில் விளைச்சலைப் பங்கிடும் வாரமுறை நிலவியதால், கண்மாய் வற்றினால் குடியானவரோடு ஜமீனும் இழந்தது. எனினும் இதனைப் பொற்காலமாகக் கொள்வதற்கில்லை. நீர்நிலைப் பழுதுகளைச் சீர்செய்யக் கோரும் வழியைச் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் 1908இல் வகுக்க நேர்ந்ததே அக்காலப் புறக்கணிப்புக்குச் சான்று.

பிரிந்த பொறுப்பு

1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் இரயத்துவாரி முறையைக் கொணர்ந்து உழவருக்குப் பட்டா உரிமை அளித்தது. அது பெரும் சமூகநீதி. ஆனால் நிலம் உழவரிடமும் கண்மாய் அரசிடமும் சென்றன. பின்னர் 40 எக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய கண்மாய்கள் பொதுப்பணித்துறைக்கும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் என ஒரே நீர்ச்சங்கிலி இரு நிருவாகங்களுக்குள் வந்தது. 1985இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது மேற்பகுதியான திருச்சுழி இன்றைய விருதுநகர் மாவட்டத்திலும், கீழ்ப்பகுதியான கமுதி இராமநாதபுரத்திலும் அமைந்தன.

இதனிடையே சீமைக்கருவேல் கண்மாய் உட்பரப்பிலும் மானாவாரி நிலத்திலும் பரவியது. அது நீர்வழியை அடைத்தாலும், கரிமூட்டம் வழியாக ஏழைகளுக்குக் கூலியும் தந்தது. 2016இல் கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. இத்தகைய மாற்றங்கள் புல எண், உரிமை ஆகியவற்றின் அடிப்படையிலேயே பெரிதும் மதிப்பிடப்படுகின்றன. அப்புலத்தைக் கடக்கும் ஓடை எந்தக் கண்மாய்க்கு வரத்து என்னும் வினா பட்டாவில் இடம்பெறுவதில்லை.

முடிவுரை

காவிரி – வைகை – குண்டாறு இணைப்புத் திட்டத்திற்கு 2021இல் அடிக்கல் நாட்டப்பட்டது. வெளியிலிருந்து நீர் வந்தாலும், அதனை ஊர்தோறும் கொண்டுசேர்ப்பவை பழைய வரத்துக்கால்களே. எனவே இவ்வட்டாரத்தின் நீண்டகால நிலப்பயன்பாட்டுத் திட்டத்திற்கு மாவட்டமோ வருவாய்க் கிராமமோ அலகாகாது. பாளையம்பட்டிக் கரிசலையும் கடலோர மணலையும் ஒரே வரைபடத்தில் காட்டும் ஆற்றுப்படுகையே அலகாதல் வேண்டும். சீமைக்கருவேலை அகற்றுங்கால் கரிமூட்டத் தொழிலாளரின் பிழைப்பும் அத்திட்டத்தில் இடம்பெற வேண்டும். மேலூரின் மறுகாலைக் கீழூரின் உரிமையாக ஏற்காத திட்டம் எதுவாயினும், இப்பகுதியின் வரலாற்றை அறியாத திட்டமே ஆகும்.